கண்ணுக்குத் தப்பும் அரை லிட்டர்

பிரசவ அறையில் சிந்தும் ரத்தத்தைக் கண்ணால் அளந்துவிட முடியாது. கொஞ்சம் விரிப்பில் ஊறும். கொஞ்சம் பஞ்சிலும் துணியிலும் ஏறும். மிச்சம் பனிக்குட நீரோடு கலந்து மேசை விளிம்பில் வழிந்து வாளிக்குள் விழும். இவ்வளவையும் மனக்கணக்கில் கூட்டி ‘300 மில்லி’ என்று பதிவேட்டில் எழுத வேண்டிய செவிலியர், அதே நேரத்தில் குழந்தை அழுததா என்று பார்க்கிறார். நஞ்சு முழுசாக வந்ததா, துண்டு ஏதும் உள்ளே தங்கிவிட்டதா என்று புரட்டிப் பார்க்கிறார். கிழிசல் இருந்தால் தையல் போடுகிறார். அவர் எழுதும் 300 பல நேரம் 500 ஆக இருக்கும். சில நேரம் அதற்கும் மேல்.

அந்த 500 மில்லிதான் மருத்துவம் நெடுங்காலமாக வைத்திருந்த எல்லைக்கோடு. சுகப்பிரசவம் முடிந்து 24 மணி நேரத்துக்குள் அரை லிட்டரோ அதற்கு மேலோ ரத்தம் போனால் அது பேறுகால உதிரப்போக்கு. ஒரு லிட்டரைத் தாண்டினால் தீவிரமானது. 2023-ல் உலகம் முழுவதும் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்த பெண்கள் சுமார் 2,60,000 பேர். உதிரப்போக்கால் மட்டும் ஆண்டுக்கு எத்தனை பேர் என்பதற்கு 45,000 முதல் 70,000 வரை வெவ்வேறு மதிப்பீடுகள் உண்டு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் வாழ்ந்தவர்கள். நல்ல ஆரோக்கியத்தோடு பிரசவ மேசையில் ஏறிய பெண்ணும் கடும் உதிரப்போக்கில் இரண்டு மணி நேரத்துக்குள் உயிரிழக்கலாம். பெண்ணுக்குப் பிரசவம் மறுபிறவி என்று நம் வீடுகளில் சொல்வது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை.

எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சாவைத் தடுக்கும் மருந்துகள் எதுவும் புதியவையோ விலை கூடியவையோ அல்ல. ஒன்று 1950-களில் ஆய்வகத்தில் உருவானது, இன்னொன்று 1962-ல், மூன்றாவது வயிற்றுப்புண்ணுக்கு வந்த மாத்திரை. மருந்து கையில் இருந்தும் ஏன் இத்தனை சாவு என்று தேடிப் போனவர்களின் கதையில், கூம்பு வடிவில் தைத்த ஒரு பிளாஸ்டிக் விரிப்புக்குப் பெரிய இடம் இருக்கிறது.

முதலில் கர்ப்பப்பையைப் பார்த்துவிடலாம். நிறைமாதத்தில் அதற்குள் நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்தில் சுருள் சுருளான தமனிகள் பல திறந்த வாயோடு நிற்கின்றன. குழந்தை பிறந்து, நஞ்சு கழன்று விழுந்ததும் அந்த வாய்கள் அத்தனையும் ஒரே சமயத்தில் மூட வேண்டும். கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் உறைந்து நிற்கிறதே, அதுபோல இங்கே உறைதலை மட்டும் நம்பியிருக்க முடியாது. பாயும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. இயற்கை வேறு வழி வைத்திருக்கிறது. கர்ப்பப்பையின் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. ரத்தக் குழாய்கள் அந்தப் பின்னலின் இடுக்குகள் வழியாகவே போகின்றன. தசை சுருங்கும்போது, பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் கயிற்றை இழுத்ததுபோல, ஒவ்வொரு குழாயும் நெரிக்கப்பட்டு மூடிக்கொள்கிறது. பிரசவம் முடிந்தவுடன் செவிலியர் தொப்புளுக்குக் கீழே கை வைத்து அழுத்திப் பார்ப்பது இதற்காகத்தான். கல்லுப்போல் உருண்டு திரண்டு தட்டுப்பட்டால் சரி. தொளதொளவென்று இருந்தால் கயிறு இறுகவில்லை என்று பொருள்.

உதிரப்போக்கில் 10-ல் ஏறக்குறைய 7 இப்படிக் கர்ப்பப்பை சுருங்காமல் போவதால் வருபவை. மற்றவை கிழிசல், உள்ளே தங்கிவிட்ட நஞ்சு, ரத்தம் உறைவதில் கோளாறு. இரட்டைக் குழந்தை, மணிக்கணக்கில் இழுத்த வலி, பல பிள்ளைப்பேறு ஆகியவை ஆபத்தைக் கூட்டும். ஆனால் அப்படி எந்தக் குறிப்பும் இல்லாத பெண்களுக்கும் இது தாராளமாக வருகிறது. ‘ஆபத்தான கேஸ்’ என்று முன்கூட்டியே பிரித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டால் போதும் என்ற பழைய திட்டம் இந்த நோயிடம் பலிக்காமல் போனதற்கு அதுவே காரணம்.

தசையைச் சுருங்க வைக்க உடலே ஒரு பொருளைச் சுரக்கிறது: ஆக்சிடோசின். பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதிச் சாற்றுக்குக் கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆற்றல் இருப்பதை 1906-ல் ஹென்றி டேல் கண்டார். அது ஒன்பதே அமினோ அமிலங்களால் ஆனது என்பதை வின்சென்ட் டு விக்னோ நிறுவி, 1953-ல் ஆய்வகத்திலேயே உருவாக்கிக் காட்டினார். 1955-ல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. குழந்தை மார்பில் வாய் வைத்து உறிஞ்சும்போதும் தாயின் உடலில் இது சுரக்கும். அப்படியானால் பிறந்தவுடன் பால் கொடுத்தாலே உதிரப்போக்கைத் தடுக்கலாமே என்று தோன்றும். மலாவி நாட்டில் மருத்துவச்சிகளைக் கொண்டு அதைச் சோதித்தே பார்த்தார்கள். 1989-ல் வெளியான முடிவு கைகொடுக்கவில்லை. சீம்பால் கொடுக்க வேறு நூறு நல்ல காரணங்கள் உண்டு. உதிரப்போக்கைத் தடுக்க ஊசிதான் தேவை.

ஊசியின் பலவீனம் வெயில். ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் வந்து வந்து போகும் துணை சுகாதார நிலையத்தில், அலமாரியில் மற்ற ஊசிகளோடு கிடக்கும் மருந்து வீரியம் இழந்திருக்கும், பார்த்தால் தெரியாது. போட்ட பிறகு கர்ப்பப்பை இறுகாதபோது, குறை நோயாளியின் உடலிலா மருந்திலா என்று யோசிக்க நேரமும் இருக்காது. ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் மருந்துக்கடைகளிலும் நிலையங்களிலும் எடுத்த மாதிரிகளைச் சோதித்தபோது, தரம் குறைந்தவை கணிசமாக இருந்தது மறுபடி மறுபடி தெரியவந்திருக்கிறது. வெப்பம் தாங்கும் கார்பெடோசின் என்ற மாற்று மருந்தை 10 நாடுகளில் சுமார் 30,000 பெண்களிடம் சோதித்து, ஆக்சிடோசினுக்கு அது சளைத்ததல்ல என்று 2018-ல் அறிவித்தார்கள். அது மெல்ல மெல்லப் புழக்கத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

அதே 2018-ல் இந்தியாவில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் ஆக்சிடோசினை மாட்டு ஊசி என்றால் பலருக்குச் சட்டென்று புரியும். பால் சுரக்க எருமைக்கும் பசுவுக்கும் திருட்டுத்தனமாகப் போடுவது அது. இந்த முறைகேட்டை ஒழிக்கிறோம் என்று மத்திய அரசு, தனியார் நிறுவனங்கள் யாரும் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு ஆக்சிடோசின் தயாரிக்கக் கூடாது, ஒரே ஒரு பொதுத்துறை நிறுவனம்தான் நாடு முழுமைக்கும் கொடுக்கும் என்று உத்தரவு போட்டது. மாட்டுத் தொழுவத்துக் குற்றத்துக்குப் பிரசவ அறைக்கு அபராதம். ஒரு தொழிற்சாலையில் கோளாறு என்றால் நாடு முழுக்க மருந்து நின்றுபோகும் என்று மகப்பேறு மருத்துவர்கள் பதறினார்கள். தில்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் உத்தரவை ரத்து செய்தது.

குளிர்பெட்டியே வேண்டாத மருந்து ஏதாவது உண்டா? இந்தக் கேள்விக்குத்தான் வடகர்நாடகத்தின் பெலகாவி மாவட்டம் பதில் தேடிக் கொடுத்தது. மிசோப்ரோஸ்டால் வயிற்றுப்புண் மாத்திரையாக வந்தது. கர்ப்பப்பையைச் சுருக்கும் குணம் அதற்கு இருப்பது தெரிந்த செய்தி. விலை குறைவு, ஊசி வேண்டாம், அறை வெப்பத்தில் கெடாது. அதே குணத்தால் கருவைக் கலைக்கவும் அதைப் பயன்படுத்தலாம் என்பதால் பல அரசுகள் அதன்மேல் ஒரு கண் வைத்திருந்தன. பெலகாவியில் ஜவஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அமெரிக்கக் கூட்டாளிகளோடு சேர்ந்து நான்கு ஆரம்ப சுகாதார நிலையப் பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். வீட்டிலும் துணை நிலையத்திலும் கிராம செவிலியர்கள் பார்க்கும் பிரசவங்கள்தான் களம். 1,620 பெண்கள். பாதிப் பேருக்குக் குழந்தை பிறந்ததும் 600 மைக்ரோகிராம் மாத்திரை, பாதிப் பேருக்கு அதேபோல் தோற்றமுள்ள வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது. 2006-ல் வெளியான முடிவின்படி உதிரப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாகக் குறைந்தது, தீவிரமானது 1.2-லிருந்து 0.2 ஆனது. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உதிரப்போக்கைத் தடுக்கும் மருந்தாக மிசோப்ரோஸ்டாலைச் சேர்த்தது. பெரிய ஆஸ்பத்திரியில் நிறுவிவிட்டுப் பிறகு கிராமத்துக்குக் கொண்டுபோன மருந்து அல்ல இது. டாக்டர் இல்லாத இடத்தில், டாக்டர் இல்லாமலேயே நிறுவப்பட்டது. எனக்கு இந்த ஆய்வின் மேல் தனி மரியாதை உண்டு.

மாத்திரையைவிட அந்த ஆய்வின் துணைக் கருவி பெரிய சந்ததி கண்டது. கிராமத்து வீட்டின் மூலையில் சிந்தும் ரத்தத்தைத் துல்லியமாக அளந்தால்தானே மருந்து வேலை செய்ததா என்று சொல்ல முடியும்? அதற்காக அவர்கள் ஒரு விரிப்பைச் செய்தார்கள். தாயின் இடுப்புக்குக் கீழே விரித்து நாடாவால் கட்டிவிடலாம். நடுவில் கூம்பாக ஒரு பை தொங்கும். பையில் மில்லி லிட்டர் கோடுகள். அவ்வளவுதான். செய்தவர்கள் ஏழு பேரின் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்து அதற்கு ‘பிராஸ்-வி’ என்று பெயர் வைத்தார்கள். கண் மதிப்பீட்டையும் பையின் அளவையும் ஒப்பிட்டபோது, கண் மூன்றில் ஒரு பங்கைத் தவறவிட்டிருந்தது. ரத்தம் கூடக் கூடக் கண்ணின் பிழையும் கூடுகிறது என்பது வேறு பல ஆய்வுகளில் தெரியவந்த இன்னொரு வேதனை. சரியாகத் தெரிய வேண்டிய நேரத்தில்தான் அது அதிகமாக ஏமாற்றுகிறது.

பை கிடைத்துவிட்டதே, பிரச்சினை தீர்ந்ததா? ஐரோப்பாவில் 13 நாடுகளின் 78 பிரசவ மையங்கள் 25,000-க்கு மேற்பட்ட பிரசவங்களில் இதுபோன்ற சேகரிப்புப் பையைச் சோதித்தன. 2010-ல் வந்த முடிவு சப்பென்று இருந்தது: பை வைத்த மையங்களுக்கும் வைக்காத மையங்களுக்கும் தீவிர உதிரப்போக்கில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அளந்தார்கள், அளந்த பிறகு என்ன செய்ய வேண்டும், எத்தனை நிமிடத்துக்குள் என்பது பையில் எழுதியிருக்கவில்லை.

என்ன செய்வது என்பதற்கும் உலகம் முழுவதும் வழிகாட்டி நூல்கள் இருந்தன. அவை படிப்படியாகப் போகச் சொன்னவை. முதலில் ஒரு மருந்து. கேட்கவில்லை என்றால் அடுத்தது. காத்திரு, பார், மேலிடத்துக்குச் சொல். நிமிடத்துக்கு அரை லிட்டர் பாயக்கூடிய இடத்தில் காத்திருந்து பார்ப்பது எப்படி முடியும் தெரியுமா? ரத்தம் இழக்கும் இளம் பெண்ணின் உடல் கடைசிவரை சமாளித்து நடிக்கும். இதயம் வேகமாக அடிக்கும், கைகால் குழாய்கள் சுருங்கி ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடும், ரத்த அழுத்தம் கருவியில் ஏறக்குறைய ஒழுங்காகவே காட்டும். ‘பி.பி. நார்மல்’ என்று எழுதிவிட்டுத் திரும்பும் நேரத்தில் ஒரேயடியாகச் சரியும். அதனால்தான் இப்போதெல்லாம் ரத்த அழுத்தத்தை மட்டும் பார்க்காமல், நாடித்துடிப்பை அழுத்தத்தின் மேல் எண்ணால் வகுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். நல்ல நிலையில் துடிப்பு 80, அழுத்தம் 120 என்றால் விகிதம் முக்கால்கூட இல்லை. அது ஒன்றை நெருங்கினால், அழுத்தம் மட்டும் பார்க்க நன்றாக இருந்தாலும், உள்ளே ஆபத்து.

இந்த இரண்டு முனைகளையும், அதாவது அளப்பதையும் உடனே செய்வதையும், ஒன்றாகக் கட்டிப் பார்த்தது ‘இ-மோட்டிவ்’ என்ற ஆய்வு. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் அர்ரி குமாரசாமி முன்னின்று நடத்தியது, உலக சுகாதார நிறுவனம் துணை நின்றது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 நடுத்தர ஆஸ்பத்திரிகள், 2,10,132 பெண்கள். புதிய முறையைக் கையாண்ட ஆஸ்பத்திரிகளில் பிரசவமான ஒவ்வொரு பெண்ணுக்கும் கோடு போட்ட விரிப்பு. முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கு ஒரு முறை ரத்த அளவு, நாடி, அழுத்தம். எல்லை தாண்டியதும் ஐந்து வேலைகளும் ஒரே மூச்சில்: கர்ப்பப்பையைத் தேய்த்துவிடு, சுருக்கும் மருந்து கொடு, ரத்தம் உறைந்ததைக் கரையாமல் காக்கும் மருந்து கொடு, டிரிப் ஏற்று, எங்கிருந்து வருகிறது என்று சோதித்துப் பார். ஒன்றுக்குப் பலன் தெரியும்வரை மற்றொன்று காத்திருக்காது. தேவையான மருந்தும் ஊசியும் ஒரே பெட்டியில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும். பூட்டிய அலமாரிச் சாவியைத் தேடி ஓட வேண்டாம். இந்தப் பெட்டி விஷயம் ஆய்வுக் கட்டுரைகளில் ஓரிரு வரியில் முடிந்துவிடுகிறது. அரசு ஆஸ்பத்திரியில் இரவு இரண்டு மணிக்கு மருந்தறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடி அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

2023-ல் முடிவு வந்தது. வழக்கமான முறையில் உதிரப்போக்கில் பாதியைத்தான் (51 சதவீதம்) கண்டுபிடித்தார்கள்; புதிய முறையில் 93 சதவீதம். முழுச் சிகிச்சைக் கட்டும் கிடைத்தவர்கள் 19 சதவீதத்திலிருந்து 91 ஆனார்கள். ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போனது, வயிற்றைத் திறந்து அறுவை செய்ய நேர்ந்தது, உதிரப்போக்கால் இறந்தது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 4.3 சதவீதம் 1.6 ஆகச் சுருங்கியது. இதில் பெரும் பங்கு ரத்த இழப்பு குறைந்ததே. இறப்பை மட்டும் தனியே எடுத்து அடித்துச் சொல்லுமளவுக்கு இரண்டு லட்சமும் போதவில்லை. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். ஆனாலும், புதிதாக ஒரு மருந்தைக்கூடக் கண்டுபிடிக்காமல் இவ்வளவு பெரிய வித்தியாசம் கண்ட ஆய்வு மகப்பேறு மருத்துவத்தில் அபூர்வம்.

அந்தக் கட்டில் இருந்த, உறைந்ததைக் கரையாமல் காக்கும் மருந்துக்குத் தனிக் கதை உண்டு. டிரானெக்சாமிக் அமிலம். ரத்தம் உறைந்து அடைத்த இடத்தை உடலே சில நொதிகளால் மறுபடி கரைத்துக்கொண்டிருக்கும். பிரசவத்துக்குப் பிறகு இந்தக் கரைப்பு வேலை கூடுதலாக நடக்கும். அதைத் தடுத்து அடைப்பைக் காப்பாற்றுவது இந்த மருந்து. இதை 1962-ல் உலகுக்குத் தந்தவர்கள் ஜப்பானின் உதாகோ ஒகாமோதோவும் அவர் கணவர் ஷொசுகேயும். போருக்குப் பிந்தைய வறுமையில் ஆய்வைத் தொடங்கிய உதாகோ, மகளை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை செய்தவர். பிரசவத்தில் சாகும் பெண்களுக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள் என்று கோபே நகரத்து மருத்துவர்களைக் கேட்டார், யாரும் அசையவில்லை. மருந்து பல் பிடுங்கும்போது வரும் ரத்தப்போக்குக்கும் அதிக மாதவிடாய்க்கும் பயன்பட்டுக்கொண்டு அரை நூற்றாண்டு கிடந்தது. 2010-ல் லண்டனிலிருந்து ஒருங்கிணைத்த பெரிய சோதனை தொடங்கியது: 21 நாடுகள், 193 ஆஸ்பத்திரிகள், 20,060 பெண்கள். 2017-ல் வந்த முடிவு, பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் சாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்றது. ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலன் பத்தில் ஒரு பங்கு குறைந்துகொண்டே போய், மூன்று மணி நேரத்துக்குப் பின் ஒன்றுமில்லாமல் போகும் என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. உதாகோ 2016 ஏப்ரலில், தம் 98-ஆம் வயதில் காலமானார். முடிவைப் பார்க்க அவர் இல்லை.

டாக்காவிலிருந்து வந்த கண்டுபிடிப்பு இன்னும் சிக்கலானது. எந்த மருந்துக்கும் நிற்காத உதிரப்போக்கில், கர்ப்பப்பைக்குள் பலூன் வைத்து ஊதி உள்ளிருந்து அழுத்துவது பணக்கார நாடுகளின் வழி. அந்த பலூனின் விலை டாக்கா மருத்துவக் கல்லூரிக்குக் கட்டுப்படியாகவில்லை. பேராசிரியர் சயேபா அக்தர், சிறுநீர் வடிக்கச் செருகும் குழாயின் முனையில் ஓர் ஆணுறையைக் கட்டி, உள்ளே செலுத்தி, உப்புநீரால் நிரப்பினார். 2003-ல் வெளியான அவருடைய முதல் தொகுப்பில் 23 பெண்கள். அத்தனை பேருக்கும் 15 நிமிடத்துக்குள் ரத்தம் நின்றது. கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் கடைசி வழி என்றிருந்த இடத்தில் இது பெரிய விடுதலை. பல நாடுகளுக்குப் பரவியது. பிறகுதான் சிக்கல். உகாண்டா, எகிப்து, செனகல் நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் இம்முறையைப் புகுத்திப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. அறுவையும் இறப்பும் சேர்ந்த கணக்கு குறையவில்லை, கூடியிருந்தது. பலூன் வைத்தாகிவிட்டதே என்ற தைரியத்தில் அடுத்த சிகிச்சைக்கு அனுப்பத் தாமதித்தார்களா, பலூன் வைக்கும் நேரத்தில் அடிப்படை வேலைகள் நழுவினவா என்று இன்றும் வாதிடுகிறார்கள். அறுவை அரங்கும் ரத்தமும் எட்டும் தூரத்தில் இருக்கும் இடங்களில் மட்டும் பயன்படுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. ஏழை ஊருக்கென்று செய்த கருவி, ஏழை ஊரில் இல்லாத வசதிகளைத் துணைக்குக் கேட்கிறது. 23-க்கு 23 என்ற கணக்கைப் பார்த்துச் சிலிர்த்துப்போகும் நம் பத்திரிகைக் குணத்துக்கு இது நல்ல கடிவாளம்.

ரத்தம் கிடைப்பது தனிப் பெருங்கதை. இங்கே தொட்டுவிட்டுப் போகிறேன். மலையும் மோசமான சாலையும் கொண்ட ருவாண்டாவில் 2016 முதல் ஆளில்லா விமானங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ரத்தப் பைகளைப் பாராசூட்டில் போட்டுவிட்டுத் திரும்புகின்றன. காரில் வருவதைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் மிச்சமாகிறது. பேறுகாலச் சாவுக்கான தாமதங்களை ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரிப்பார்கள்: கிளம்பலாம் என்று வீட்டார் முடிவு செய்வதில், வழியில், போய்ச் சேர்ந்த இடத்தில். இந்தியாவில் ஆம்புலன்சும் ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கான உதவித்தொகையும் முதல் இரண்டைப் பெருமளவு சுருக்கிவிட்டன. இந்தியாவில் ஒரு லட்சம் பிறப்புக்குத் தாய் இறப்பு 2018-20 கணக்கில் 97. தமிழ்நாட்டில் 54, அசாமில் 195. அந்த இடைவெளியில் மூன்றாவது தாமதத்துக்குப் பங்கு உண்டு. இன்னொரு பங்கு, பெண் ஆஸ்பத்திரிப் படியேறுவதற்கு மாதங்களுக்கு முன்பே உடம்பில் சேர்ந்துவிட்டது.

ரத்தச்சோகையைச் சொல்கிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. தமிழ்நாடும் இதில் மார்தட்ட முடியாது, 48 சதவீதம். பாகிஸ்தான், நைஜீரியா, தான்சானியா, ஜாம்பியாவில் ரத்தச்சோகையுள்ள பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், மிதமான சோகையோடு ஒப்பிட்டால் தீவிர சோகை உள்ளவர்களுக்குச் சாவோ சாவின் விளிம்போ ஏழு மடங்கு அதிகமாக வந்தது. இவர்களுக்கு முன்கூட்டியே டிரானெக்சாமிக் அமிலம் கொடுத்து உதிரப்போக்கைத் தடுக்கலாமா என்று 15,068 பெண்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. கர்ப்பகாலம் முழுவதும் இரும்புச்சத்து இல்லாமல் போன உடம்பை, குழந்தை பிறந்த கால் மணி நேரத்தில் ஒரு ஊசியால் சரிக்கட்ட முடியவில்லை.

இங்கேதான் 500 மில்லி என்ற கோடே தடுமாறுகிறது. ஒரு கிலோ எடைக்குச் சுமார் 65 மில்லி என்று வைத்துக்கொண்டால், கர்ப்பத்துக்கு முன் 65 கிலோ இருந்த பெண்ணுக்கு நாலேகால் லிட்டர் ரத்தம். 40 கிலோ பெண்ணுக்கு 2.6 லிட்டர்தான். கர்ப்பத்தில் இருவருக்கும் ரத்தம் கூடுகிறது, பெரும்பாலும் நீர்ப்பகுதியாக. சத்தில்லாத உடம்பில் அந்தக் கூடுதலும் குறைவு. அரை லிட்டர் போனால் முன்னவருக்கு லேசான தலைசுற்றல், பின்னவருக்கு உயிராபத்தே ஆகலாம். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த உடம்பை மனத்தில் வைத்துப் போட்ட கோட்டைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளிக்கும் செங்கல் சூளைப் பெண்ணுக்கும் பொருத்திக்கொண்டிருந்தோம்.

2025-ல் உலக சுகாதார நிறுவனமும், மகப்பேறு மருத்துவர்கள், பேறுகாலச் செவிலியர்களின் சர்வதேசக் கூட்டமைப்புகளும் சேர்ந்து கோட்டை நகர்த்தின. 500 மில்லி வரை காத்திருக்க வேண்டாம். 300 மில்லி போயிருக்கும்போதே நாடி 100-ஐத் தாண்டினாலோ அழுத்தத்தின் மேல் எண் 100-க்குக் கீழே இறங்கினாலோ சிகிச்சையைத் தொடங்கிவிடுங்கள் என்றன. ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் கோடு போட்ட விரிப்பால் அளக்கவும் சொல்லின.

இதற்கு வேண்டியது விரிப்பு, அழுத்தம் பார்க்கும் கருவி, பிரசவத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் தாயின் பக்கத்திலிருந்து நகராத ஓர் ஆள். முதல் இரண்டும் வாங்கினால் கிடைக்கும். தமிழ்நாட்டில் 2000-களில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மும்மூன்று செவிலியர்களைப் போட்ட பிறகுதான் அங்கே இராப்பகலாகப் பிரசவம் பார்ப்பது சாத்தியமானது. அங்கே நடக்கும் பிரசவங்களின் எண்ணிக்கையும் பிறகுதான் ஏறியது. மூன்று பேர் என்றால் ஒரு வேளைக்கு ஒருவர். ஒருவர் விடுப்பில் போனால் அதுவும் கிடையாது. ஒரே இரவில் இரண்டு பேருக்கு வலி வந்துவிட்டால், கால் மணிக்கு ஒரு முறை நாடி பிடித்துப் பார்ப்பது யாரை, விடுவது யாரை என்று அந்த ஒருவர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.